சுண்ணாம்புக் குகைக்குள் எடுத்த படம் சொதப்பியதா? கோளாறை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஆந்திராவின் போரா, பெலும், மேகாலயாவின் மவ்ஸ்மாய், அந்தமானின் பாராடாங் என எந்தச் சுண்ணாம்புக் குகைக்குப் போய்வந்தவரின் படங்களைப் பார்த்தாலும் அதே சில கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நேரில் அவ்வளவு அழகாகக் கூரையிலிருந்து தொங்கிய கல்விழுது படத்தில் வெறும் சேற்றுக் கட்டியாக நிற்கும். உடனே ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றலாமா, வேறு லென்ஸ் வாங்கலாமா என்றுதான் மனசு போகும். அதற்கு முன்னால் இரண்டு கேள்வி: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஈரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? கீழே வருகிற கோளாறுகளில் பல இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும். கேமரா அமைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரிபார்ப்பதைக் குகைக்குள்ளேயே செய்ய வேண்டும். ஒரு படம் எடுத்ததும் திரையில் முழுசாகப் பெரிதாக்கி, நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். இருட்டில் திரை தேவைக்கு மேல் பளிச்சென்று தெரியும், அதை நம்பி வீட்டுக்கு வந்தால் எல்லாப் படமும் இருண்டு கிடக்கும். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) நம்புங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். ட்ரைபாட், தனி ஃப்ளாஷ் இவற்றுக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது, இடத்துக்கு இடம் விதி மாறும்.

படம் முழுக்க வெள்ளை உருண்டைகள் மிதக்கின்றன

ஆவியும் இல்லை, சென்சார் அழுக்கும் இல்லை. குகைக் காற்றில் மிதக்கிற நுண்ணிய நீர்த்துளி, தூசி, எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் விட்ட மூச்சு. ஃப்ளாஷ் கேமராவின் தலையிலேயே இருந்தால் அதன் வெளிச்சம் லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற துளியில்தான் முதலில் படும், பட்டு நேராகத் திரும்பி லென்ஸுக்குள் வரும். அவ்வளவு கிட்டத்தில் இருப்பது ஃபோகஸில் இருக்காது, அதனால் விரிந்து வட்டமாகப் பதிகிறது. ஃபோனில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஃப்ளாஷும் லென்ஸும் ஒரு விரற்கடை தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

உறுதி செய்துகொள்ள, அதே இடத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று எடுங்கள். உருண்டைகள் காணாமல் போனால் காரணம் இதுதான். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலே பாதி குறைந்துவிடும், இன்னும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் லென்ஸுக்கு முன்னால் இருக்கிற காற்றில் வெளிச்சமே படாது. மூச்சை இழுத்து, நிறுத்தி, எடுத்துவிட்டு அப்புறம் பக்கவாட்டில் விடுங்கள். எடுப்பதற்குச் சற்று முன்னால் விட்ட மூச்சுதான் படத்தில் வரும். பெலும் மாதிரி உள்ளே புழுங்குகிற குகையில் படியேறி வந்தவுடன் உடம்பிலிருந்தும் சட்டையிலிருந்துமே நீராவி எழும், ஐந்து நிமிடம் நின்று வியர்வை அடங்கட்டும். தலையில் டார்ச் கட்டியிருந்தால் ஷட்டர் திறந்திருக்கும்போது அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் மூச்சுக்கு நீங்களே விளக்குப் பிடிக்கிறீர்கள்.

இது குகைப் படக்கலை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற தலைவலி. 1866இல் சார்ல்ஸ் வால்டாக் அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகையை மக்னீசியம் எரித்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். மக்னீசியம் எரிந்தால் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், காற்று அதிகம் ஓடாத குகைக்குள் அது சட்டென்று விலகாது. அதை நினைத்தால் மூச்சைப் பத்து விநாடி அடக்குவது ஒரு சிரமமே இல்லை.

எல்லாமே மங்கல், விளக்கைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம்

லென்ஸில் நீர் படிந்திருக்கிறது. ஐஸ் போட்ட டம்ளர் வெளிப்புறம் வியர்க்கிற அதே சங்கதி. குகைக் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் சுமார் 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தக் கண்ணாடியிலும் நீர் படியும். ஏசி காரில் 22 டிகிரியில் கிடந்த கேமராவை நேராக உள்ளே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரிலிருந்து இறங்கும் முன்பே ஏசியை நிறுத்துங்கள், அல்லது கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டுப் பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். உள்ளே போனபின் மங்கினால் துணியால் துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை மறுபடி மறுபடி படியும். லென்ஸைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்துக் கொஞ்ச நேரம் வைப்பது துடைப்பதைவிட வேகமாக வேலை செய்யும், ஆனால் மூடியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், வியர்வை பட்டால் அது வேறு வேலை.

பொதுவாகக் குகைக்குள் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம்தான், அந்த வட்டாரத்தின் ஆண்டு சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே மேகாலயாவில் குளிர்காலக் காலையில் உள்ளே நுழையும்போது மங்கும், சமவெளியில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குகையிலிருந்து வெளியே வரும்போது மங்கும். உள்ளே போகும்போது ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு வாசலில் லென்ஸைக் கழற்றினால் சென்சார்மேலேயே நீர் படியும். வெளியே வந்து அரை மணி நேரம் வரை லென்ஸைக் கழற்ற வேண்டாம்.

பாறை தட்டையாக இருக்கிறது, ஆழமே இல்லை

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இது தீர்ந்தால் சாதாரணக் கேமராவிலும் படம் எழுந்து நிற்கும்.

நீங்கள் பார்க்கிற இடத்திலிருந்தே வெளிச்சமும் போனால் ஒவ்வொரு நிழலும் அதை உண்டாக்கிய பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத கல்லுக்கு வடிவம் இல்லை. நேரில் உங்களுக்கு இரண்டு கண்கள், தலையை அசைக்கிறீர்கள், ஆழம் புரிந்துவிடுகிறது. கேமராவுக்கு நிழலை விட்டால் வேறு துப்பு கிடையாது.

விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். கேமராவுக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிற கோட்டிலிருந்து 60 முதல் 90 டிகிரி விலகினால் தரையிலிருந்து எழும் கல்முளையின் மேலே வளையம் வளையமாக இருக்கிற விளிம்புகள், பக்கத்தில் ஓடிய நீரின் தடம், மணிமணியான பரப்பு எல்லாம் வெளியே வரும். அடுத்து, விளக்கைப் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். கூரையிலிருந்து திரைச்சீலை மாதிரி மெல்லிசாகத் தொங்கும் கல்மடிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் அழுக்கு வெள்ளையில் ஒரு சுவர், அவ்வளவுதான். பின்னாலிருந்து போட்டால் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) வழியே ஒளி கசியும், விளிம்பு நெடுகப் பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரிவரியாகத் தெரியும். நீரில் இரும்புச் சத்து கலந்து வந்த காலத்தில் படிந்தது பழுப்பு, சுத்தமான கால்சைட் படிந்தது வெள்ளை. உறிஞ்சுகுழல் மாதிரி உள்ளே துளை கொண்ட இளம் கல்விழுதும் அப்படித்தான், ஒரு நீர்த்துளியின் அகலத்துக்கு, அதாவது சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாது. பின்னொளியில் சுவர் முழுக்க ஒளி ஊடுருவி, நுனியில் தொங்கும் துளி மட்டும் தனியாக மின்னும். அந்தத் துளி நுனியில் நிற்கும்போது எடுங்கள், விழுந்துவிட்டால் அடுத்தது திரளும்வரை காத்திருப்பதில் தப்பில்லை.

இதைச் செய்ய இரண்டு பேர் இருந்தால் சுலபம். கேமரா ட்ரைபாடில், ஷட்டர் பல்ப் முறையில் (நீங்கள் மூடும்வரை திறந்தே இருக்கும்), லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 200. ஷட்டரைத் திறந்ததும் நண்பர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஃப்ளாஷை 1/16 சக்தியில் கையாலேயே ஒருமுறை அடிக்கிறார், நகர்ந்து இன்னொரு மூலையில் இன்னொன்று, பிறகு ஷட்டரை மூடுகிறீர்கள். குகை முழு இருட்டாக இருந்தால் ஒரே ஃப்ளாஷை வைத்து நான்கைந்து விளக்கு வேலையை முடித்துவிடலாம், தொலைவிலிருந்து இயக்கும் ட்ரிகர் கூட வேண்டாம். பாறை வளைவுகளுக்குப் பின்னால் ரேடியோ ட்ரிகர் அடிக்கடி காலை வாரும், அதனால் கையால் அடிப்பதே நிச்சயம். ஃப்ளாஷ் அடித்த கையோடு கல்லைக் கண்ணால் பாருங்கள். சில இடங்களில் கால்சைட் ஒரு விநாடி போல நீலப் பச்சையாக மினுமினுத்து அடங்கும்.

ஃப்ளாஷ் இல்லையென்றால் டார்ச். ஷட்டர் 15 விநாடி, பக்கவாட்டிலிருந்து மெதுவாக அசைத்துக்கொண்டே வெளிச்சத்தைப் பூசுங்கள், ஓர் இடத்தில் நிறுத்தினால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். டார்ச்சின் கண்ணாடி லென்ஸுக்குத் தெரியக் கூடாது, உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளலாம். கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று டார்ச் அடித்தால் மறுபடியும் அதே தட்டைப் படம்தான்.

சுற்றுலாக் குகைகளில் தனி விளக்கு வைக்க விடமாட்டார்கள், அங்கே நீங்கள்தான் நகர வேண்டும். விளக்குகள் ஏற்கனவே இருக்கின்றன, அவற்றில் ஒன்றாவது எங்கிருந்தோ ஒரு பாறையைப் பக்கவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கும். பெலும் குகையில் கூரையிலிருந்து படமெடுத்த நாகத்தின் தலை மாதிரி விரிந்து நிற்கும் கல் வடிவங்களை நேர் எதிரே நின்று எடுப்பவர்களே அதிகம், நடைபாதையில் நாலு எட்டு தள்ளிப் போனால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பின்னொளி வேண்டும் என்று பாதையை விட்டு இறங்குவது, கல்லில் கை ஊன்றுவது, ஃப்ளாஷைக் கல்முளைமேல் சாய்த்து வைப்பது எதுவும் கூடாது. கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நீர் சரியாகப் பரவாது, புதுப் படிவு உட்காராது, கறை மட்டும் நிற்கும். எந்தப் படத்துக்கும் அந்த விலை கிடையாது.

முன்னால் இருக்கிற பாறை வெளுத்துவிட்டது, பின்னால் கும்மிருட்டு

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். உங்களிடமிருந்து 1 மீட்டரில் ஒரு பாறை, 5 மீட்டரில் சுவர் என்றால் முன்பாறைக்கு 25 மடங்கு வெளிச்சம் போகிறது, எந்த அமைப்பாலும் இதைச் சமன் செய்ய முடியாது. முன்பாறையை ஃப்ரேமிலிருந்து வெளியேற்றுங்கள், அல்லது ஃப்ளாஷை உள்ளே கொண்டுபோய்ச் சுவருக்கும் பாறைக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் வையுங்கள்.

கூடம் பெரியது என்றால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கைடு நம்பர் (ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் எண், எஃப் எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம்) 40 உள்ள ஃப்ளாஷ், ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்றால் 5 மீட்டர் வரைதான் போகும். ஐஎஸ்ஓ 400 ஆக்கினால் 10 மீட்டர். போரா குகையின் முகப்புக் கூடத்தை ஒரு சின்ன ஃப்ளாஷால் நிரப்ப முயல்வது வீண், அங்கே வாயில் வழியாக வரும் பகல் வெளிச்சத்தையும் உள்விளக்குகளையும் வைத்து ஃப்ளாஷ் இல்லாமல் நீண்ட நேரம் திறந்து எடுப்பதுதான் வழி.

பாறை முழுக்க ஒரே சிவப்பு, அல்லது ஒரே நீலம், விவரமே இல்லை

போராவில் வண்ண விளக்குகள் அதிகம், இந்தக் கோளாறு அங்கே சர்வசாதாரணம். சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், பச்சையிலும் நீலத்திலும் எதுவும் இருக்காது. கேமரா மூன்றையும் சராசரி பார்த்து எக்ஸ்போஷர் சரிதான் என்கிறது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் பக்கத்தைத் திறந்து, எந்த நிறமும் வலது ஓரத்தில் இடிக்காதபடி ஒன்று ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில்) எடுப்பது கட்டாயம்.

ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) எவ்வளவு இழுத்தாலும் வண்ண விளக்கின் கீழ் கல்லின் உண்மையான நிறம் திரும்ப வராது, வெளிச்சத்திலேயே இல்லாத நிறம் படத்தில் எங்கிருந்து வரும்? சோடியம் விளக்கின் மஞ்சளுக்கும் ஏறக்குறைய இதே கதி. அப்படிப்பட்ட இடத்தில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவது என் வழக்கம், வடிவம் அப்படியே நிற்கும். வெள்ளை விளக்கு எரிகிற பகுதி எங்காவது இருந்தால் அங்கே அதிக நேரம் செலவிடுங்கள். வெள்ளையிலேயே இரண்டு வகை கலந்திருந்தால் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் என்று வரும், ஏதாவது ஒன்றுக்கு மட்டும் ஒயிட் பேலன்ஸ் வைத்து மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.

விளக்கைச் சுற்றி மட்டும் பாறை பச்சையாகத் தெரிகிறது

இதைக் கேமராவின் தலையில் கட்டாதீர்கள். அது பாசி. நிரந்தர விளக்கு எரியும் ஈரப்பாறையில் பாசியும் பாசிச்செடிகளும் பிடிக்கும், குகையில் இயல்பாக வராதவை. பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூடியதற்குப் பாசி பிடித்ததும் ஒரு காரணம். எடிட்டிங்கில் பச்சையை அழிக்க வேண்டாம் என்பது என் கருத்து, இருப்பதைக் காட்டட்டும். பிடிக்கவில்லையென்றால் ஃப்ரேமை மாற்றுங்கள்.

குறுக்கே இருட்டுப் பட்டைகள்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், வேகத்தை 1/50 அல்லது 1/100 வையுங்கள். சில எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் மினுக்கும், அங்கே 1/25, இன்னும் மெதுவாக என்று இறங்கிப் பாருங்கள். விநாடிக் கணக்கில் திறந்தால் பிரச்சினையே இல்லை.

ஷார்ப்பாக இல்லை

எது ஷார்ப்பாக இல்லை என்று முதலில் பாருங்கள். ஓரிடம் கூர்மையாக இருந்து நீங்கள் விரும்பிய இடம் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இரட்டித்தால் ஆட்டம்.

ஃபோகஸ் என்றால், இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கல்லின்மேல் டார்ச் அடித்து, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில்) பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு விளிம்பில் கையால் ஃபோகஸ் வைத்து, மேனுவலில் பூட்டிவிட்டு டார்ச்சை அணையுங்கள். துளையை எஃப்/16க்கு மேல் சுருக்கினால் ஆழம் கூடும், கூர்மை மொத்தமாகக் குறையும், எஃப்/8 முதல் எஃப்/11 போதும்.

ஆட்டம் என்றால், பாதையின் இரும்புத் தட்டையோ கைப்பிடியையோ சந்தேகப்படுங்கள். பக்கத்தில் ஒருவர் நடந்தால் முழுப் பாதையும் அதிரும். ட்ரைபாடைக் கல்தரைமேல் வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, கேமராவின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, கூட்டம் கடந்தபின் எடுங்கள்.

ஈரப்பாறையில் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் கூசும் பளபளப்பு

ஒற்றைப் புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் ஈரத்தில் அப்படியே பிரதிபலிக்கிறது. விளக்கின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினாலே நகர்ந்துவிடும். போகவில்லையென்றால் ஃப்ளாஷ் முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைப் பரப்புங்கள். முழுசாக நீக்கிவிடாதீர்கள், கல் இன்னும் ஈரமாக இருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த மினுக்கம்தான் அடையாளம்.

எவ்வளவு பெரியது என்று புரியவில்லை

ஒரு கையளவு கல்லும் பத்து மீட்டர் தூணும் படத்தில் ஒன்றாகவே தெரியும். பாதையில் ஒரு ஆளை நிறுத்துங்கள், கல்லுக்குச் சம தூரத்தில், பக்கவாட்டில் பார்த்தபடி. கேமராவைப் பார்த்துச் சிரித்தால் கண் ஆள்மேல்தான் போகும்.

நீண்ட நேரம் திறந்த படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள்

சென்சார் சூடானதால் வருகிறது, ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கும். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை இயக்குங்கள், 30 விநாடிப் படத்துக்கு இன்னொரு 30 விநாடி கேமரா எடுத்துக்கொள்ளும், அதுவரை அணைக்காதீர்கள்.

ஃபோனில் எல்லாம் மெழுகு பூசியதாக வருகிறது

நைட் மோட் பல படங்களை அடுக்கும்போது கை அசைந்தால் மென்பொருள் அதை வழித்துவிடும். கைப்பிடியில் ஃபோனை அழுத்திச் சாய்த்து, ஃப்ளாஷை அணைத்து, மூன்று விநாடி டைமர் போட்டு எடுங்கள். ப்ரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓவை 400க்குள் பிடித்து வையுங்கள், ஜூம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன கதை முழுக்க ஃபோனுக்கும் பொருந்தும்.

துடைத்தும் போகாத வெள்ளை வட்டம் லென்ஸில்

கூரையிலிருந்து விழுந்த சொட்டு காய்ந்த தடம். அதில் கால்சியம் கரைந்திருக்கிறது, நீர் ஆவியானால் கண்ணாடிமேல் சுண்ணாம்பாகப் படியும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். ஈரமாக இருக்கும்போதே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், காய்ந்துவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே வைத்து ஊறவிட்டுப் பிறகு லேசாகத் துடையுங்கள். வினிகர் போட்டால் சுண்ணாம்பு கரையும்தான், லென்ஸின் பூச்சுக்கு என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதனால் வேண்டாம். குகைக்குள் மட்டும் ஒரு யூவி ஃபில்டர் மாட்டிக்கொண்டு போங்கள், கறை பட்டால் அதன்மேல் படட்டும்.